குளிரிலும் கோடையிலும் குலையாத பத்தமடைக்காரர்

தீபாவளி கழிந்தால் வடக்கே குளிர் இறங்கிவிடும். ஊரில் விடியற்காலையில் எழுந்து வாய்க்காலில் முழுக்குப் போட்டுப் பழகியவர்கூட, இங்கே வந்த முதல் வருஷத்தில் ரஜாயை விட்டு வெளியே வரத் தயங்குவார். பங்குனி கழிந்தால் வெயிலும் அனல் காற்றும். பருவம் மாறும்போதெல்லாம் உடம்பு ஒரு பக்கம் இழுக்கும். மனம் இன்னொரு பக்கம் இழுக்கும். பல மாதம் ஒழுங்காக நடந்த பழக்கம் ஒரே வாரத்தில் விட்டுப்போகும்.

இந்தத் தொல்லையை நன்றாக அறிந்தவர் ரிஷிகேசம் சுவாமி சிவானந்தர். தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்து, மலாயாவின் புழுக்கத்தில் பத்து வருஷம் உழைத்து, இமயமலை அடிவாரத்தில் 39 வருஷம் வாழ்ந்தவர் அவர். ஊரை விட்டு வந்தவர் எப்படி நிலைகொள்வது என்பதற்கு அவர் வாழ்க்கை நல்ல பாடம்.

திருநெல்வேலிச் சீமையில் பாய்க்குப் பேர்போன பத்தமடையில், 1887 செப்டம்பர் 8 அன்று பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் குப்புசுவாமி. அப்பைய தீட்சிதர் வழிவந்த குடும்பம். எட்டயபுரத்தில் படித்து 1903-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு தஞ்சாவூரில் வைத்தியம் படித்தார். 1909-ல் திருச்சியில் ஒரு வைத்தியப் பத்திரிகை தொடங்கிச் சில வருஷம் நடத்தினார்.

1913-ல் கப்பலேறி மலாயா போனார். சிரம்பான் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அந்நாளில் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளிகள். ஏழைகளிடம் காசு வாங்காமல் மருந்து கொடுப்பதும், சில சமயம் தம் கையிலிருந்தே செலவுக்குக் கொடுத்து அனுப்புவதும் டாக்டர் குப்புசுவாமியின் வழக்கம். தாம் வைத்தியம் பார்த்த ஒரு சாது கொடுத்த வேதாந்த நூல் அவர் மனத்தில் தைத்தது. நல்ல சம்பளம், நல்ல பெயர் எல்லாம் இருந்தும் 1923-ல் வேலையை உதறிவிட்டு நாடு திரும்பினார்.

காசி, நாசிக், பூனா, பண்டரிபுரம் என்று அலைந்தார். மகாராஷ்டிரத்தில் தாலஜ் என்ற ஊரில் ஒரு போஸ்ட் மாஸ்டர் வீட்டில் சமையல் வேலை செய்தார். மலாயாவில் ஆஸ்பத்திரியை நடத்தியவர் அங்கே அடுப்பு ஊதினார். தனிமையில் தவம் செய்ய ஏற்ற இடம் ரிஷிகேசம் என்று அவருக்கு வழி காட்டியவர் அந்த போஸ்ட் மாஸ்டரே.

1924 மே மாதம் ரிஷிகேசம் சேர்ந்தார். ஜூன் முதல் தேதி விசுவானந்த சரசுவதி சுவாமிகளிடம் சந்நியாசம் பெற்றுச் சிவானந்தர் ஆனார். கங்கையின் அக்கரையில் சுவர்க்காசிரமத்தில் சிறு குடிசை. சத்திரத்தில் கொடுக்கும் ரொட்டியே ஆகாரம். முதல் சில வருஷங்கள் அவர் கடுமையாகத் தவம் செய்தார். மார்கழிக் குளிரில் இருள் பிரியுமுன் கங்கையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சூரியன் தெரியும் வரை நின்று ஜபம் செய்வார்.

ஆனால் குடிசைக்குள்ளேயே அவர் அடைந்து கிடக்கவில்லை. கோடை பிறந்தால் பத்ரி, கேதார் யாத்திரிகர்கள் கால்நடையாக அந்த வழியே போவார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பலர் வழியிலேயே படுத்துவிடுவார்கள். 1927-ல் லட்சுமண்ஜூலாவில் தரும வைத்தியசாலை தொடங்கி அவர்களைக் கவனித்தார். ஒருமுறை ஒரு யாத்திரிகருக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். பிறகு அதைவிட நல்ல மருந்து ஒன்று நினைவுக்கு வரவே, அதை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் சில மைல் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்படித் தம் உடம்பை வருத்தியவர், மற்றவர்களுக்குச் சொன்ன முறையில் வைத்தியரின் நிதானம் இருந்தது. தண்ணீரில் நின்று ஜபம் செய்யும்படி குடும்பஸ்தர்களை அவர் கட்டாயப்படுத்தவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுவது, சிறிது நேரம் ஆசனம், சிறிது நேரம் பிராணாயாமம், பிறகு அமைதியாக உட்கார்ந்து தியானம். ஒருநாள் இரண்டு மணி நேரம் செய்துவிட்டு மறுநாள் விட்டுவிடுவதைவிட, தினம் கொஞ்சமாகத் தவறாமல் செய்வதே பலன் தரும் என்பது அவர் போதனை.

பருவத்துக்கும் அவர் வழி சொன்னார். சூரியபேதம், உஜ்ஜாயி ஆகிய பிராணாயாமங்கள் உடம்புக்குச் சூடு தருபவை; அவற்றைக் குளிர்காலத்தில் செய்ய வேண்டும். நாக்கைக் குழல்போல் மடித்து அதன் வழியாகக் காற்றை இழுக்கும் சீதளி குளிர்ச்சி தருவது; அது கோடைக்கு உரியது. கடும் வெயில் நாட்களில் பிராணாயாமத்தை விடியற்காலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எதையும் பலவந்தமாகச் செய்யலாகாது. மூச்சை அடக்கித் திணறலாகாது. ஆக, எழும் நேரமும் உட்காரும் நேரமும் எந்தப் பருவத்திலும் மாறுவதில்லை. பயிற்சியின் வகையும் அளவும்தான் பருவத்துக்கும் உடல் நிலைக்கும் தக்கபடி மாறுகின்றன. குளிரென்று அடியோடு விடவும் வேண்டாம், வெயிலென்று அஞ்சவும் வேண்டாம்.

ஆபீசுக்குப் போகிறவர்களுக்கென்றே அவர் கொடுத்த சாதனம் ஆன்மிக நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு எழுந்தோம், எத்தனை நேரம் தியானம் செய்தோம், எத்தனை முறை கோபப்பட்டோம், எத்தனை பொய் சொன்னோம் என்று தினமும் கட்டம் கட்டி எழுதிவர வேண்டும். ஆபீசில் லெட்ஜர் எழுதுகிறவருக்கு இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எந்த வாரத்தில் பழக்கம் தளர்ந்தது என்று அதுவே காட்டிவிடும். வேலை நேரத்தில் கை வேலையில் இருக்கட்டும், மனம் இறைவனிடம் இருக்கட்டும் என்றும் போதித்தார்.

1934-ல் கங்கையின் இக்கரைக்கு வந்து பாழடைந்து கிடந்த ஒரு சிறு கட்டடத்தில் தங்கினார். அங்கேதான் சிவானந்தாசிரமம் வளர்ந்தது. 1936-ல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார். 1948-ல் யோக வேதாந்தப் பயிற்சிக் கூடம் திறந்தார். இருநூறுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார். சின்மயானந்தர், சச்சிதானந்தர், விஷ்ணுதேவானந்தர் முதலியோர் அவரிடம் தீட்சை பெற்று உலகமெங்கும் சென்றார்கள்.

அவருடைய நிதானத்துக்குப் பெரிய சோதனை 1950 ஜனவரி 8 அன்று வந்தது. மாலைக் கூட்டுப் பிரார்த்தனையின்போது ஒருவன் கோடரியால் அவரைத் தாக்கினான். தெய்வாதீனமாக உயிர் தப்பினார். ஆத்திரமடைந்த சீடர்களை அடக்கி, அவனைத் தண்டிக்க வேண்டாமென்று தடுத்து, புத்தகங்களும் கொடுத்து ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவைத்தார். நாள் தவறாத பழக்கம் அந்த ஒரு மாலையில் கைகொடுத்தது.

பின்னாளில் நீரிழிவும் இடுப்புவலியும் அவரை வாட்டின. தண்ணீரில் நின்ற அந்தப் பழைய உடம்பு இல்லை. ஆனாலும் ஆசிரம வேலை, எழுத்து, நோயாளிகளை விசாரிப்பது ஆகியவற்றை முடிந்த அளவில் விடாமல் செய்துவந்தார். மற்றவர்களுக்குச் சொன்னபடி தாமும் நடந்தார். அளவு குறைந்ததே தவிர, பழக்கம் நிற்கவில்லை. 1963 ஜூலை 14 அன்று, மழைக்காலத்தில், கங்கைக் கரையில் சமாதியடைந்தார்.

பத்தமடைப் பாயை விரித்து உட்கார எல்லோருக்கும் இமயமலை வேண்டியதில்லை. பத்துப் பேர் தங்கும் அறையிலும் ஒரு மூலை கிடைக்கும். இந்தக் குளிரில் கால் மணி நேரம் முடியவில்லையென்றால் ஐந்து நிமிஷமாவது, அதே நேரத்தில், நாளைக்கும் உட்கார்ந்தால் போதும்.