ராஜராஜனும் அவன் ஊழியர்களும்

அரியலூர்ச் சீமையில் சுண்ணாம்புக்கல்லை வெட்டிச் சிமெண்டாக்கும் ஆலைகள் பல எழுந்துவிட்டன. கீழப்பழுவூர்ப் பக்கத்திலும் அவை உண்டு. தொழிலாளிக்கு வேலையில் சிரத்தையில்லை என்று முதலாளி குறை கூறுவதும், சிரத்தை கொள்ளும்படி எம்மை எப்பொழுது நடத்தினீர் என்று தொழிலாளி கேட்பதும் ஆலை உள்ள இடமெல்லாம் நடக்கும் வழக்கு. இவ்வழக்கில் நாம் அழைக்கும் சாட்சி, ஆயிரம் வருஷங்களுக்கு முன் ஆண்ட ஓர் அரசன்.

முதலாம் ராஜராஜன் இப்பகுதிக்கு அந்நியனல்லன். பழுவூரை ஆண்ட பழுவேட்டரையர் சோழருக்குப் பெண் கொடுத்தவர்கள். ராஜராஜனுடைய பாட்டன் அரிஞ்சயனைப் பெற்றவள் அக்குலத்துப் பெண் என்பது அன்பிற் செப்பேடுகளால் விளங்கும். சுந்தர சோழனுக்கு இளைய குமாரனாய்ப் பிறந்து அருள்மொழி என்று பெயர்பெற்ற அவன், தமையன் ஆதித்த கரிகாலன் இறந்தபின் அரியணையைப் பறிக்க முந்தவில்லை. சிறிய தந்தை முறையினனான உத்தம சோழன் ஆண்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, 985-ல் பட்டமேறினான். காந்தளூரிலும் ஈழத்திலும் அவன் பெற்ற வெற்றிகளைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். நமக்கு வேண்டுவது அதன்பின் நடந்தது.

கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சையில் அவன் எடுப்பித்த பெரிய கோயில் 1010-ல் முடிவுற்றது. அத்தனை பெரிய ஸ்தாபனத்தை நாள் தவறாமல் நடத்துவது எப்படி? தளிச்சேரிப் பெண்டுகள் மட்டும் 400 பேர். ஆடல் ஆசிரியர், பாடுவோர், வாத்தியக்காரர், கணக்கர், தச்சர், தட்டார், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என்று வேறு பலர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் அரசன் வகுத்தது கூலியன்று, பங்கு. பங்கு ஒன்றுக்கு, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து, ஆண்டுக்கு 100 கலம் நெல். தளிச்சேரிப் பெண்டுகளுக்குத் தனித்தனி வீடும் உண்டு. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, அதில் இருப்பவள் பெயர் என்ன, எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டன. மேலதிகாரி முகங்கோணினால் குறைந்துபோகும் ஊதியமல்ல அது. கல்லைத் திருத்தினாலன்றிக் குறைக்க இயலாது.

சட்டம் பயின்றவர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய விதி ஒன்றும் அங்கே இருக்கிறது. பங்குடையவர் இறந்தாலோ வேற்றூர் போனாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அவ்வேலையைச் செய்து பங்கைப் பெறலாம். அவ்வுறவினர் வேலைக்குத் தகுதியில்லாதவராயின், தகுதியுள்ள ஒருவரை அமர்த்தி வேலையை நடத்தவேண்டும். உறவினரே இல்லையெனில், அதே பணியிலுள்ள மற்றவர்கள் கூடித் தக்கவரைத் தேர்ந்துகொள்வர். குடும்பத்துக்கு நிலைத்த ஆதரவு கொடுத்தால் சோம்பல் வளரும் என்று நம் காலத்து நிர்வாகிகள் அஞ்சுகிறார்கள். இவ்விதியோ ஆதரவையும் கொடுத்தது, வேலையின் தரத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை உடன் உழைப்பவரிடமே ஒப்புவித்ததைக் காட்டிலும் பெரிய மரியாதை வேறென்ன?

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தான் கொடுத்தவை, தன் தமக்கை குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றையோர் கொடுத்தவை ஆகிய யாவற்றையும் கல்லில் வெட்டும்படி அரசன் ஆணையிட்டான். அக்கோயிற் கல்வெட்டிலேயே வீரசோழன் குஞ்சரமல்லன் என்னும் தச்சனும் இடம் பெற்றான். அவனுக்கு ராஜராஜப் பெருந்தச்சன் என்று அரசன் பெயராலேயே விருது.

குறையை மறைப்பது நம் நோக்கமன்று. அந்த 400 பெண்களும் பற்பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். வர விரும்பினரா என்பதைக் கல் சொல்லவில்லை. கல்லை இழுத்தவர், மண்ணைச் சுமந்தவர் பெயரும் அதில் இல்லை. கோயிலுக்கு வந்த நெல்லில் ஒரு பகுதி, வென்றடக்கிய ஈழத்துக் கிராமங்கள் கொடுத்தது.

ஆயினும் இடையருக்கு அவன் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தால் போதும். அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை என்பது கணக்கு. ஆகவே எண்ணிக்கை குறையாமல் காப்பது அவன் பொறுப்பு. மந்தை பெருகினாலோ, அளக்கவேண்டிய நெய் அதே உழக்குத்தான். இரவில் ஆட்டுக்குட்டி கத்தினால் எழுந்துபோய்ப் பார்க்க அந்த இடையனுக்கு மேற்பார்வையாளன் எவனும் தேவைப்பட்டிரான். 1014-ல் அரசன் மறைந்தான். நெய் அளக்கும் கடமை அவனோடு முடியவில்லை. சந்திர சூரியர் உள்ளவரை என்றே அது விதிக்கப்பட்டிருந்தது.