கைச்சுத்தம் கற்பித்த ஸெம்மெல்வைஸ்

ஹங்கேரி தேசத்துப் புடா நகரில் 1818ஆம் வருஷம் பிறந்த இக்நாஸ் ஸெம்மெல்வைஸ், தம் நாட்டை ஆண்டுவந்த ஆஸ்திரியரின் தலைநகராகிய வியன்னாவில், பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ விடுதிக்கு 1846ஆம் வருஷம் உதவி வைத்தியராக வந்தார். அங்கே முதற் பிரிவில் வைத்திய மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயின்றனர். அவ்வருஷம் முதற் பிரிவில் பிரசவித்த தாய்மாரில் 100க்கு 11 பேருக்கு மேல் மாண்டனர். இரண்டாவதில் மூவர்கூட இல்லை. நாள்முறைப்படி சேர்க்கப்பட்ட ஏழை ஸ்திரீகள், அன்று முதற் பிரிவின் முறை என்றறிந்தால் மண்டியிட்டுக் கெஞ்சுவார்கள். காற்றிலுள்ள விஷமே காரணம் என்றனர் பெரிய வைத்தியர்கள். அக்காற்று ஒரு பிரிவை மட்டும் அதிகமாக வருத்துவானேன் என்று அவர்கள் யோசிக்கவில்லை!

1847ஆம் வருஷம் அவர் நண்பர் கொல்லெட்ஷ்கா, பிரேத பரிசோதனையில் மாணவன் கத்தி விரலிற் பட்டு, பிரசவ ஜுரத்தை ஒத்த குறிகளுடன் இறந்தார். ஸெம்மெல்வைஸுக்கு உண்மை புலப்பட்டது. பிரேதம் அறுத்த கையைச் சவுக்காரத்தால் கழுவிவிட்டு மாணவர்கள் பிரசவ அறைக்குள் வந்தனர்; நாற்றமோ கையை விட்டு அகலவில்லை. மே மாதம் முதல், குளோரின் ஏற்றிய சுண்ணாம்பு நீரில் கை கழுவாத எவரும் தாய்மாரைத் தீண்டலாகாதென்று விதித்தார். அக்டோபரில், சீழொழுகும் புற்றுநோய் கண்ட ஒருத்தியைச் சோதித்த கைகளாலேயே அடுத்துச் சோதிக்கப்பட்ட 12 பேரில் 11 பேர் மாண்டனர். பிரேதம் மட்டுமல்ல, உயிருள்ள உடலின் அழுகலும் கொல்லுமென்று தெளிந்து, ஒவ்வொருவரைத் தொட்ட பின்னும் கை கழுவச் செய்தார். 1848இல் முதற் பிரிவின் மரணம் 100க்கு 1.27 ஆயிற்று.

தங்கள் கையே கொன்றது என்பதை ஒப்ப எந்தப் பண்டிதனுக்கு மனம் வரும்? 1848இல் ஹங்கேரியர் சுதந்திரத்துக்குக் கிளர்ந்தெழுந்தனர். மறு வருஷம் ஸெம்மெல்வைஸின் உத்தியோகம் நீடிக்கப்படவில்லை. பிறகு கிடைத்த போதனை அனுமதியோ பொம்மையை வைத்துக் கற்பிக்கும் அளவே. 1850இல் மனம் நொந்து பெஸ்ட் திரும்பினார். அங்குள்ள ஸெயிண்ட் ரோக்கஸ் ஆஸ்பத்திரியில் 933 பிரசவங்களில் ஜுரத்துக்கு இரையானோர் 8 பேர்தான். சர்வகலாசாலைப் பிரசவ சாலையில் தோய்க்காத படுக்கை விரிப்புகளே நோய் பரப்பின என்று கண்டு அதிகாரிகளோடு மன்றாடினார்.

அவர்மீதும் குறையுண்டு. கண்டதை விரிவாக எழுதி வெளியிட 1861 வரை தாமதித்தார். எவ்வளவு பலமான வழக்காயினும் எழுத்தில் தாக்கல் செய்யாதவன் தோற்பதை நாம் நியாயஸ்தலங்களில் கண்டிருக்கிறோம். எதிர்த்தவர்களைக் கொலைகாரரென்று பகிரங்கக் கடிதங்களில் ஏசியது பகையையே வளர்த்தது.

புத்தி பேதலித்தவரென்று 1865 ஜூலையில் வியன்னா சித்தப்பிரமை சாலையில் அடைத்தனர். ஆகஸ்ட் 13ஆம் தேதி, புண்ணின் வழியே இரத்தத்தில் விஷமேறி, தம் 47ஆம் வயதில் மாண்டார். முந்தின நாள்தான் கிளாஸ்கோவில் லிஸ்டர், கால் முறிந்த ஒரு சிறுவனின் புண்ணைக் கார்பாலிக் திராவகத்தால் கட்டினார்.