முடி கொட்டும் மருந்தைத் தந்த மேதை

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி மூன்றாவது வாரம். காலையில் எழுந்தால் தலையணை எல்லாம் முடி. சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வருகிறது. வாயில் புண். ஒரு வாய்க் கஞ்சி கூட இறங்கவில்லை. நோயை விட மருந்துதான் கொடுமை என்று வீட்டில் உள்ளவர்கள் கண் கலங்குகிறார்கள்.

நோயைக் குணமாக்க வந்த மருந்து முடியை ஏன் பிடுங்குகிறது? வாயை ஏன் புண்ணாக்குகிறது?

இதற்குப் பதில் ஒரு மனிதருடைய வாழ்க்கைக்குள் இருக்கிறது. அவர் நமக்கு அன்னியர் அல்ல. திருவல்லிக்கேணியில் பள்ளிக்கூடம் போனவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

காசிக்கு ஓட்டம்

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். பீமவரம் இன்று ஆந்திராவில் இருக்கிறது. அன்று அது சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஊர். தகப்பனார் ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்தார். உடல் நலம் கெட்டதால் வேலையை விட்டார். வீட்டில் ஏழு குழந்தைகள். வறுமை வந்து உட்கார்ந்துகொண்டது.

சுப்பாராவுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. பதின்மூன்று வயது இருக்கும்போது வீட்டை விட்டு ஓடினான் சிறுவன். எங்கே? காசிக்கு! அங்கே யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்பது திட்டம். பாதி வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். தாயார் வெங்கம்மா கண்டிப்பானவர். திரும்பவும் பள்ளிக்கூடத்தில் தள்ளினார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. அந்தக் காலத்தில் அவருக்குச் சாமியாராகப் போக வேண்டும் என்று ஆசை. ராமகிருஷ்ண மடத்தை நாடினார். தாயார் சம்மதிக்கவில்லை. சாமியார் ஆசை போயிற்று. டாக்டர் படிப்பு வந்தது.

மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, 1919-ல், அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் சேஷகிரி. படிப்புச் செலவுக்கு மாமனார் உதவினார்.

கதர் அங்கி

அது காந்தி அலை வீசிய காலம். ஆபரேஷன் செய்யும்போது போட்டுக்கொள்ளும் அங்கியையும் சுப்பாராவ் கதரில் தைத்துப் போட்டுக்கொண்டார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் வெள்ளைக்காரர். அவருக்கு இது பிடிக்கவில்லை. முடிவு? மற்றப் பாடங்களை நன்றாக எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. சர்க்கார் வைத்திய வேலைக்கு வழியில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராகச் சேர்ந்தார்.

இதற்கிடையே வீட்டில் ஒரு பேரிடி விழுந்தது. அண்ணனும் தம்பியும் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். நோயின் பெயர் ஸ்ப்ரூ. கிராணி என்று நம் ஊரில் சொல்லும் வகையைச் சேர்ந்தது. இந்த நோய் வந்தால் நாக்கும் வாயும் புண்ணாகும். வயிறு ஓயாமல் போகும். தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. இரத்தம் சுண்டிப்போகும். ஆள் எலும்பும் தோலும் ஆகிவிடுவான்.

வாய்ப்புண், வயிற்றுப் போக்கு, இரத்தக் குறைவு. இந்த மூன்றையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மறுபடியும் வரப் போகின்றன.

மலச்சட்டி கழுவிய டாக்டர்

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று சுப்பாராவ் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். மாமனார் பணம் கொடுத்தார். காக்கிநாடாவில் உள்ள சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனமும் உதவியது. 1922 அக்டோபர் மாதம் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். மனைவி ஊரிலேயே இருந்தார். பிறகு பிறந்த ஆண் குழந்தை, தகப்பன் முகத்தைப் பார்க்காமலே, ஒரு வயது ஆகும் முன் இறந்துவிட்டது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பகலில் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரியில் கூலி வேலை. நோயாளிகளின் மலச்சட்டி, மூத்திரச் சட்டிகளைக் கழுவிக் கிடைத்த காசில் வயிற்றைக் கழுவினார். அவரே ஒரு டாக்டர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்!

அங்கே பிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு வழி கண்டார்கள். 1925-ல் வெளிவந்த அந்த முறைக்கு இருவர் பெயரும் நிலைத்துவிட்டது. தசைகள் வேலை செய்யச் சக்தி எப்படி வருகிறது என்பதிலும் பெரிய கண்டுபிடிப்புகள் செய்தார். ஆனால் ஹார்வர்டில் நிரந்தர வேலை கொடுக்கவில்லை. 1940-ல் அதை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் உள்ள பெர்ல் ரிவர் என்ற ஊருக்குப் போய், லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

கீரையில் இருந்த மருந்து

அங்கே அவருடைய கீழ் ஒரு பெரிய குழு வேலை செய்தது. போலிக் அமிலம் என்ற வைட்டமினை 1945-ல் அந்தக் குழு ஆராய்ச்சிக் கூடத்திலேயே தயாரித்தது. போலியம் என்றால் லத்தீன் மொழியில் இலை என்று பொருள். கீரைகளில் இந்தச் சத்து நிறைய உண்டு. ஈரலிலும் உண்டு.

உடம்பில் புதிய அணுக்கள் உண்டாக வேண்டுமானால் இந்தச் சத்து வேண்டும். இது இல்லாவிட்டால் ஓர் அணு இரண்டாகப் பெருக முடியாது. சத்து குறைந்தால் எந்த இடம் முதலில் பாதிக்கும்? எந்த இடத்தில் அணுக்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அந்த இடம். வாயின் உள் தோல், குடலின் உள் தோல், இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை. ஸ்ப்ரூ நோயில் கெடுவதும் இந்த இடங்கள்தான்.

கியூபா முதலிய நாடுகளில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு இந்தப் போலிக் அமிலத்தைக் கொடுத்தார்கள். நாக்குப்புண் ஆறியது. இரத்தம் ஊறியது. நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். அண்ணனையும் தம்பியையும் கொண்டுபோன நோய்க்கு, இருபத்தைந்து ஆண்டு கழித்து, சுப்பாராவின் குழுவிடமிருந்தே மருந்து வந்தது.

தலைகீழ் யோசனை

பாஸ்டன் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி பார்பர் என்ற டாக்டர் இருந்தார். இரத்தப் புற்றுநோயால் குழந்தைகள் சில வாரங்களில் சாவதைக் கண்டு மனம் நொந்தவர். போலிக் அமில வகை மருந்தை அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாக வளர்ந்தது!

அப்போதுதான் யோசனை தலைகீழாகத் திரும்பியது. சத்தைக் கொடுத்தால் புற்றணு வளர்கிறது. அப்படியானால் சத்தைத் தடுத்தால்?

சுப்பாராவின் குழு போலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் கொண்ட போலிச் சரக்குகளைத் தயாரித்தது. பூட்டுக்குள் கள்ளச் சாவி நுழைந்து ஒடிந்துகொண்டால் நல்ல சாவி நுழையாது அல்லவா? அது போல. அதில் ஒன்றின் பெயர் அமினோப்டெரின். அதன் தம்பிதான் மெதோட்ரெக்சேட்.

அமினோப்டெரினைப் பார்பர் கடுமையாக நோயுற்ற 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. 1948 ஜூன் மாதம் இந்தச் செய்தி மருத்துவப் பத்திரிகையில் வந்தது. அந்தக் குணம் சில மாதங்கள்தான் நிலைத்தது. ஆனாலும் அதுவரை அவ்வளவு கூடக் கிடைப்பது அரிது. பிறகு பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கக் கற்றார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், குழந்தைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோய் வகையில், பத்துக் குழந்தைகளில் எட்டு ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

அந்த 16 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தபோது நடந்த இன்னொன்றும் உண்டு. பலருக்கு வாய் புண்ணானது. மருந்தை நிறுத்தி நிறுத்திக் கொடுக்க வேண்டி வந்தது. வாய்ப்புண், வயிற்றுப் போக்கு, இரத்தக் குறைவு. சுப்பாராவின் சகோதரர்கள் பட்ட அதே பாடு! ஏன் என்று இப்போது விளங்கும். ஸ்ப்ரூ நோய் சத்தைத் திருடியது. இந்த மருந்தும் சத்தைத் தடுக்கிறது. புற்றணு பட்டினி கிடக்கும்போது நல்ல அணுக்களும் சேர்ந்து பட்டினி கிடக்கின்றன.

முடி ஏன் கொட்டுகிறது?

முடியின் வேரும் வேகமாகப் பெருகும் இடம்தான். இரவு பகல் ஓயாமல் அது முடியை உற்பத்தி செய்கிறது. மருந்துக்கு ‘இது முடி, இது புற்று’ என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வேகமாகப் பெருகும் எதையும் அடிக்கும். மெதோட்ரெக்சேட் மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் முடி மெலியும், அவ்வளவுதான். வேறு சில மருந்துகளில் தலை முழுவதும், புருவம், இமை கூடக் கொட்டிவிடும். எது எப்படி என்று முதலிலேயே டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

பெரும்பாலும் முதல் மருந்துக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து முடி உதிரத் தொடங்கும். வேர் சாவதில்லை, தூங்குகிறது. சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பூனை மயிர் போல முளைக்கும். சில மாதங்களில் தலை மூடும். சிலருக்கு நேராக இருந்த முடி சுருட்டையாக வருவதும் உண்டு.

பழனிக்கும் திருப்பதிக்கும் போய் நாமே மொட்டை போட்டுக்கொள்கிறோம். அதற்கு யாரும் அழுவதில்லை. கேட்காமல் போகும்போதுதான் துக்கம். அதனால்தான் பலர், உதிர்வதற்கு முன்பே முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்கிறார்கள். தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்ப்பதை விட அது மனதுக்கு ஆறுதல். பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளலாம். வெயிலில் தலையை மூட வேண்டும். சீயக்காய் போட்டு அழுத்தித் தேய்ப்பது, சாயம் பூசுவது எல்லாம் அந்த நாட்களில் வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திடீரென்று அம்மாவின் தலையைப் பார்த்துக் குழந்தை பயந்துவிடும்.

வாய்ப்புண்ணுக்கு மிருதுவான பிரஷ். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து, ஒரு நாளில் பல தடவை கொப்பளித்துத் துப்பலாம். காரம், புளி, ஊறுகாய், கொதிக்கக் கொதிக்கக் காப்பி ஆகாது. குழைந்த சாதம், கஞ்சி, இட்லி என்று கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை. குமட்டலுக்கு இப்போது நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. வாந்தி வந்த பிறகு தேடுவதை விட, டாக்டர் சொன்ன நேரத்தில் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்றில் மட்டும் அசட்டை கூடாது. காய்ச்சல்! மருந்து இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களையும் குறைக்கிறது. நோயை எதிர்க்கும் சிப்பாய்கள் அவைதான். 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல், நடுராத்திரி ஆனாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாற்று மருந்து

சுப்பாராவ் இதை எல்லாம் பார்க்க இருக்கவில்லை. பார்பரின் செய்தி வெளிவந்து இரண்டே மாதம். 1948 ஆகஸ்ட் மாதம், இரவில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. வயது 53. கப்பல் ஏறிய நாளிலிருந்து அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. சேஷகிரி அம்மாள் கணவரை மறுபடி பார்க்கவும் இல்லை. யானைக்கால் நோய்க்கு நம் நாட்டில் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் அவருடைய குழுவிலிருந்து வந்ததுதான். 1995-ல் அவருடைய நூற்றாண்டுக்கு இந்திய சர்க்கார் தபால் தலை வெளியிட்டது.

அவர் இறந்த பிறகு போலினிக் அமிலம் என்ற ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. போலிக் அமிலத்தின் நெருங்கிய உறவு. மெதோட்ரெக்சேட்டை மிக அதிக அளவில் ஏற்றி, புற்றணுவை அடித்து, பிறகு குறித்த மணிக்கு இந்தப் பொருளைக் கொடுத்து நல்ல அணுக்களைக் காப்பாற்றுகிறார்கள். மணி தவறினால் ஆபத்து. ஆகவே நர்ஸ் இரவில் எழுப்பினால் கோபித்துக்கொள்ளக் கூடாது! புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் சத்து மாத்திரைதானே என்று தாங்களாகவே போலிக் அமிலம் வாங்கி விழுங்கவும் கூடாது. வலி மாத்திரையையும் கேட்காமல் போடக் கூடாது.

மெதோட்ரெக்சேட் இன்று இன்னொரு வேலையும் செய்கிறது. கை கால் மூட்டுகள் வீங்கி முடங்கும் வாத நோய்க்கு அதை மிகக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்! தினமும் தின்றால் உயிருக்கே மோசம். வாய் புண்ணாகாமல் இருக்க, டாக்டர் அதே சீட்டில், வேறொரு நாளுக்குப் போலிக் அமில மாத்திரையும் எழுதுகிறார். மருந்துக் கடைக்காரர் இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுக்கிறார். இரண்டுமே சுப்பாராவின் குழுவிடமிருந்து வந்தவை.