முற்றுகைக்குள் இருந்து எழுதிய துறவி

போலந்து நாட்டின் தென்பகுதியிலுள்ள செஸ்டொகோவா நகரில், ஒரு சுண்ணாம்புக்கல் குன்றின்மீது அமைந்திருக்கிறது யஸ்னா கூரா துறவுமடம். அப்பெயருக்கு ஒளிமலை என்பது பொருள். ஒப்போலே நாட்டுக் கோமகன் விளாடிஸ்லாவ் 1382ஆம் ஆண்டில் ஹங்கேரியிலிருந்து பவுலின் சபைத் துறவியரை வரவழைத்து அதனை நிறுவினார். கருமுகம் கொண்ட தேவமாதாவின் திருவுருவப் படம் அங்கு வந்து சேர்ந்ததும் குன்று திருத்தலமாயிற்று. வழிபாட்டோடு எழுத்தும் அங்கே வளர்ந்தது. படம் வந்த வரலாற்றைக் கூறும் இலத்தீன் ஏடு, அடியார் பெற்ற அருள்நலன்களைக் குறித்த பதிவேடு என மடத்தின் ஏட்டறை தலைமுறைதோறும் நிறைந்தது. புனித லூக்காவே அப்படத்தை வரைந்தார் என்னும் பழங்கதையும், நாளும் பெயருமாய்க் குறிக்கப்பட்ட செய்தியும் அவ்வேடுகளில் அருகருகே வாழ்கின்றன. அம்மரபில் வந்தவரே அகுஸ்தின் கோர்டெட்ஸ்கி.

அவர் 1603ஆம் ஆண்டில் காலிஷ் நகரை அடுத்த இவானோவிட்செ என்னும் சிற்றூரில் பிறந்தார். திருமுழுக்கில் பெற்ற பெயர் கிளெமென்ஸ். இயேசு சபையாரிடம் கல்வி கற்ற அவர், முப்பதாம் வயதை ஒட்டி, 1633இல் பவுலின் சபையில் சேர்ந்து அகுஸ்தின் என்னும் துறவுப்பெயர் பூண்டார். கற்பித்தலும் மடங்களை ஆளுதலுமாக அவர் வாழ்க்கை அமைதியாகவே நடந்தது. ஐம்பது வயதைக் கடந்து யஸ்னா கூராவின் தலைவராக அவர் வீற்றிருந்த காலத்தில்தான் அந்த அமைதி குலைந்தது.

1655ஆம் ஆண்டின் கோடையில் ஸ்வீடன் மன்னர் பத்தாம் சார்ல்ஸ் குஸ்தாவின் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. போலந்து மக்கள் அப்படையெடுப்பைப் பிரளயம் என்றே இன்றும் அழைக்கின்றனர். உயர்குடியினர் பலர் போரிடாமலே பணிந்தனர். செப்டம்பரில் வார்சாவும் அக்டோபரில் கிராக்கோவும் வீழ்ந்தன. மன்னர் யான் காசிமிர் நாட்டைவிட்டுச் சிலேசியாவில் புகலடைந்தார். இந்நிலையில், நவம்பர் 18ஆம் நாள் தளபதி பூர்க்கார்ட் முல்லரின் படை குன்றின் அடிவாரத்தை அடைந்தது.

கோர்டெட்ஸ்கி முன்னரே ஆயத்தமாக இருந்தார். திருவுருவப் படம் மறைவாகச் சிலேசியாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. மடத்தில் அதன் படியே இருந்தது. கொத்தளங்களோடு கூடிய மதில் அம்மடத்தை ஒரு கோட்டையாக்கியிருந்தது. உள்ளே ஏறத்தாழ 160 காலாட்படையினரும் 70 துறவியரும், அடைக்கலம் புகுந்த உயர்குடியினர் சிலரும் இருந்தனர். ஸ்தெஃபான் சாமொய்ஸ்கியும் பியோட்டர் சார்னியெட்ஸ்கியும் போர்த்தொழிலைக் கவனித்தனர். வெளியே நின்ற படை நாளடைவில் 3,000 வீரர் அளவுக்குப் பெருகியது. டிசம்பரில் பெரும்பீரங்கிகளும் வந்து சேர்ந்தன. குளிர் கடுமையாயிற்று. உள்ளிருந்தோரிலும் சரணடைவதே அறிவுடைமை என்று சோர்ந்தவர்கள் உண்டு. அவர்களைத் தேற்றுவதும், வெளியிலிருந்து வந்த தூதர்க்கு விடை எழுதுவதும் கோர்டெட்ஸ்கியின் அன்றாடப் பணியாயின. பீரங்கிக்கு இணையாக அங்கே எழுதுகோலும் உழைத்தது. ஏறத்தாழ நாற்பது நாள் சென்றபின், டிசம்பர் 27ஆம் நாள் புலர்வதற்குள் முற்றுகை நீங்கியது.

சில ஆண்டுகளுக்குள் கோர்டெட்ஸ்கி அந்நிகழ்ச்சியை இலத்தீனில் நூலாக எழுதினார். நோவா ஜிகாந்தோமாக்கியா என்பது அதன் பெயர். தேவர்களை எதிர்த்துப் பேருருவ அசுரர் தொடுத்த போரைக் கூறும் கிரேக்கப் புராணத்தை நினைவூட்டும் பெயர் அது. தலைப்பிலேயே வரலாறு காப்பியத்தின் அணிகலன்களைப் பூண்டுகொண்டது. மாதாவின் அருள் மதிலைக் காத்தது. மடத்துத் தலைவர் அசையாத பாறையாய் நின்றார். பகைவர் நாணித் திரும்பினர். நூல் காட்டும் காட்சி இதுவே.

ஆனால் ஸ்வீடிய ஆவணங்களிடையே வேறொரு தாளும் எஞ்சியிருந்தது. 1655 நவம்பர் 21ஆம் நாளிட்டு, கோர்டெட்ஸ்கி முல்லருக்கு எழுதிய கடிதம் அது. நாடு முழுவதும் ஏற்றுக்கொண்ட அரசருக்கு மடமும் பணிவதாகவும், புனிதத் தலம் ஊறின்றி விடப்பட வேண்டும் எனவும் அது வேண்டியது. பிற்காலத்தில் அது வெளிப்பட்டபோது பலர் திடுக்கிட்டனர். வீரர் பணிந்தார் எனச் சிலர் எழுதினர். காலம் கடத்தும் உத்தி எனச் சிலர் வாதிட்டனர். வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. எனினும் ஒன்று உறுதி: பணிவைத் தாளில் எழுதிய அவர், அதற்குப் பின்னும் ஐந்து வாரம் கதவைத் திறக்கவில்லை.

அந்த மனிதரை அறிய விரும்புவோர் நூலையும் கடிதத்தையும் ஒருசேரப் படித்தல் வேண்டும். நூல் மட்டும் இருந்திருந்தால், ஐயமே அறியாத ஒரு சிலை நமக்குக் கிடைத்திருக்கும். கடிதம் மட்டும் இருந்திருந்தால், அஞ்சிய ஒரு முதியவர் கிடைத்திருப்பார். இரண்டும் சேரும்போதுதான், கைவிடப்பட்ட ஒரு நாட்டில், நூற்றுக்கணக்கான உயிர்களுக்குப் பொறுப்பேற்று, நாளுக்கு ஒரு வழி தேடிய மனிதர் தோன்றுகிறார். அவரது உறுதி அஞ்சாமையினும் அரியது.

முற்றுகையின் புகழ் போரினும் நெடுந்தொலைவு சென்றது. 1656 ஏப்ரல் முதல்நாள் யான் காசிமிர் ல்வூஃப் நகரில் தேவமாதாவை நாட்டின் அரசியாக ஏற்றுச் சூளுரைத்தார். ஸ்வீடனுடனான போர் 1660இல் ஒலிவா உடன்படிக்கையோடு முடிந்தது. பின்னர் நாடே மூன்று பேரரசுகளால் பங்கிடப்பட்டு மறைந்திருந்த நாளில், குன்றின் கதை மக்களுக்கு நம்பிக்கையாயிற்று. 1859இல் மதில்மீது கோர்டெட்ஸ்கிக்குச் சிலை எழுந்தது. ஹென்ரிக் சியென்கியெவிச் 1886இல் முடித்த பிரளயம் என்னும் புதினம், பெரும்பீரங்கியைத் தனியொருவனாய்த் தகர்க்கும் கற்பனை வீரன் ஒருவனையும் அவர் பக்கத்தில் நிறுத்தியது. கோர்டெட்ஸ்கியின் நூல் தொடங்கிய காப்பியத்தைப் புதினம் நிறைவு செய்தது எனலாம்.

கோர்டெட்ஸ்கியோ போருக்குப் பின் மீண்டும் சபைப் பணிக்கே திரும்பினார். போலந்துப் பவுலின் மடங்களின் தலைமையைப் பலமுறை ஏற்றார். அப்பணியின் நடுவே, 1673 மார்ச் 20ஆம் நாள், வியெருஷோவ் நகர மடத்தில் உயிர்நீத்தார். அவருடைய உடல் ஒளிமலைக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது. திருப்பயணிகள் இன்றும் சிலையை அண்ணாந்து பார்த்துச் செல்கின்றனர். அவர் மையால் எழுதிய இரு சான்றுகளும் அச்சிலைக்கு உயிரூட்டி நிற்கின்றன.