அத்தியட்சர் கோப்பிள்ஸ்டனும் தோட்டத்துத் திருச்சபையும்

ரெஜினால்ட் கோப்பிள்ஸ்டன் 1845இல் இங்கிலாந்தில் பிறந்தார். முப்பது வயதில் கொழும்பின் அங்கிலிக்கன் அத்தியட்சரானார். நமது பலாபத்வலவைச் சூழ்ந்த மாத்தளைத் தோட்டங்களிலும் தமிழ்க் கூலி மிஷன் போதித்துவந்தது. அது யாருக்குக் கட்டுப்பட்டது என்ற பிணக்கில், 1876இல் சி.எம்.எஸ். மிஷனரிமாரின் உரிமங்களை அவர் மீளப்பெற்றார். அவர்களோ, அவர் உரோமச் சடங்குகளைப் புகுத்துவார் என அஞ்சினர். 1880இல் கன்ரபரிப் பேராயர் முதலானோர் அளித்த தீர்ப்பால் பிணக்குத் தணிந்தது.

அதே ஆண்டுகளில்தான் தென்னிந்தியப் பஞ்சத்துக்குத் தப்பிய நம் முன்னோர் பலர் இத்தோட்டங்களுக்கு வந்தனர். அவர்களுக்கு எதைப் போதிப்பது என்று தீர்த்தவர்களுள் அவர்களில் ஒருவரும் இருக்கவில்லை.

அத்தியட்சர் 1902இல் கல்கத்தா சென்றார், 1925இல் காலமானார். போதிக்குமுன் கேட்கவேண்டும் என்பதே அவர் காலம் நமக்குத் தரும் பாடம்.