ஃபாரடே யாருக்காக வேலை பார்த்தார்?

ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து ஃபாரடே பெயரை எத்தனை தடவை எழுதியிருப்பீங்க? மின்காந்தத் தூண்டல் விதி, மின்பகுப்பு விதிகள், ஃபாரடே கூண்டு, கெப்பாசிட்டர் மேல எழுதியிருக்கும் ஃபாரட். ஈஈஈ பசங்களுக்கு அவர் கிட்டத்தட்ட குலதெய்வம். ஆனா அவர் எப்படிப்பட்ட ஆளு, எதை நம்பி அத்தனை வருஷம் ஒரே கட்டடத்தின் கீழ்த்தள லேப்பில் உட்கார்ந்திருந்தார்னு நம்ம டெக்ஸ்ட்புக் ஒரு வரி கூட சொல்றதில்ல. கையில ஆஃபர் லெட்டர் இருக்கிறவங்களும் இல்லாதவங்களும் ஒரே மாதிரி முழிச்சிட்டிருக்கிற இந்த செமஸ்டர்ல, அவர் கதையைச் சொல்லணும்னு தோணுச்சு.

முதல்ல ஒரு ஆறுதலான விஷயம். ரெண்டு மார்க்குக்கு நாம மனப்பாடம் பண்ற அந்த மைனஸ் என் டி ஃபை பை டி டி சமன்பாட்டை ஃபாரடே எழுதவே இல்ல. அவருக்கு கால்குலஸ் தெரியாது. அந்த மைனஸ் குறி லென்ஸ் என்பவரிடமிருந்து வந்தது, கணிதம் நாய்மன், மேக்ஸ்வெல் போன்றவர்களிடமிருந்து வந்தது. ஃபாரடே காலேஜ் வாசலைக் கூட மிதிக்காத ஆள்.

1791 செப்டம்பர் 22-ல், இன்னைக்கு தெற்கு லண்டனுக்குள் இருக்கும் நியூயிங்டன் பட்ஸ்ல பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஒரு கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாம போயிடும். ஒரு முழு ரொட்டியை வச்சு ஒரு வாரம் ஓட்டுன காலமும் அந்தச் சின்னப் பையனுக்கு இருந்திருக்கு. பள்ளிக்கூடத்தில் கிடைச்சது எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு, அவ்வளவுதான். 13 வயசுல ரீபோ என்பவரின் பைண்டிங் கடையில எடுபிடியா சேர்ந்தார். அடுத்த வருஷம் அங்கேயே 7 வருஷ அப்ரண்டிஸ். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைக்கிறதோட நிறுத்தாம படிக்கவும் செய்தார். என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவில் மின்சாரம் பற்றிய கட்டுரை, ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் புத்தகம் எல்லாம் அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. 1812-ல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவி நடத்திய நாலு லெக்சருக்கு கடைக்கு வந்த ஒருத்தர் டிக்கெட் கொடுத்தார். கேட்டதை எல்லாம் படத்தோட சுத்தமா எழுதி, தன் கையாலேயே பைண்ட் பண்ணி, டேவிக்கே அனுப்பி வேலை கேட்டார். 1813 மார்ச் 1-ல் லேப் அசிஸ்டென்ட் வேலை கிடைச்சது. வாரத்துக்கு 25 ஷில்லிங், மாடியில தங்க ரெண்டு ரூம்.

இதுவரைக்கும் இது எல்லா மோட்டிவேஷன் வீடியோவிலும் வரும் கதைதான். அந்த வீடியோக்கள் விட்டுடறது அவரோட சபையைப் பத்தி.

ஃபாரடே குடும்பம் சாண்டிமேனியன் என்ற ரொம்பச் சின்ன கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. ஜான் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்து போதகர் ஆரம்பிச்சு, அவர் மருமகன் ராபர்ட் சாண்டிமன் பரப்பினது. அங்க சம்பளம் வாங்குற பாஸ்டர் கிடையாது. சபையில் உள்ள சாதாரண ஆட்களிலேயே சிலரை மூப்பர்களா தேர்ந்தெடுப்பாங்க. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆராதனை, நடுவுல எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து மதியச் சாப்பாடு. பைபிளை வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்குவாங்க. பூமியில சொத்து சேர்த்து வைக்காதேன்னு அதுல இருந்தா சேர்த்து வைக்கக் கூடாது, அதுக்கு விளக்கவுரை எல்லாம் கிடையாது.

1821 ஜூன் 12-ல் சாரா பார்னார்டை கல்யாணம் பண்ணினார். சாராவின் அப்பா வெள்ளி வேலை செய்கிறவர், அதே சபையில மூப்பர். கல்யாணமாகி ஒரு மாசத்துல, ஜூலை 15-ம் தேதி, ஃபாரடே சபைக்கு முன்னாடி எழுந்து நின்னு தன் விசுவாசத்தை அறிக்கை பண்ணி முழு உறுப்பினரானார். முன்கூட்டியே மனைவிகிட்ட கூட சொல்லல. ஏன் சொல்லலைன்னு சாரா கேட்டப்போ, அது எனக்கும் தேவனுக்கும் நடுவுல உள்ள விஷயம்னு பதில் சொன்னாராம். (புது மாப்பிள்ளைகள் இதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.) அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள, செப்டம்பரில், பாதரசக் கிண்ணத்துல ஒரு காந்தத்தை நிறுத்தி, மின்சாரம் ஓடுற கம்பியை அதைச் சுத்தி வர வச்சார். உலகத்தின் முதல் மின்மோட்டார் அதுதான்.

இங்க கொஞ்சம் நிக்கணும். நம்ம ஊர் சர்ச் வாலிபர் கூட்டங்களுக்குப் போயிருந்தா, அழைப்புங்கிற வார்த்தையைக் கேட்டிருப்பீங்க. பெரும்பாலும் அதுக்கு அர்த்தம் முழுநேர ஊழியம். வேலையை விட்டுட்டு பைபிள் காலேஜ் போறவனுக்கு அழைப்பு இருக்கு, பிஇ முடிச்சு கம்பெனிக்குப் போறவனுக்கு வெறும் சம்பளம்தான். சாண்டிமேனியன் சபையில இப்படிப் பிரிக்கவே முடியாது, ஏன்னா சம்பளத்துக்குப் பிரசங்கம் பண்றவர் யாருமே அங்க இல்ல. எல்லாருமே கொல்லர், தட்டார், பைண்டர்னு ஏதோ ஒரு தொழில்காரர். ஃபாரடேவுக்கு லேப் அந்த மாதிரி ஒரு பட்டறை. பைபிள் தேவன் எழுதின புத்தகம், இயற்கையும் அதே கை எழுதினது, அதைத் தப்பில்லாமல் படிக்கிறது தனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அவர் வாழ்க்கையை அப்படித்தான் என்னால புரிஞ்சுக்க முடியுது.

அதனால அவர் லேப்ல பிரசங்கம் பண்ணினார்னு நினைச்சுடாதீங்க. மதத்தையும் ஆராய்ச்சியையும் ஒண்ணை வச்சு இன்னொண்ணை நிரூபிக்கிற பழக்கமே அவருக்கு இல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி லெக்சருக்கும் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் லெக்சருக்கும் கூட்டம் அலைமோதும். அந்தக் கால இங்கிலாந்தின் தலைசிறந்த பேச்சாளர்களில் ஒருத்தர். ஆனா மூப்பராகி சபையில பேசினப்போ, வசனத்துக்கு மேல வசனமா வாசிச்சு, தன் வார்த்தைகளை முடிஞ்ச அளவு குறைச்சுக்கிட்டார். லெக்சர் மாதிரி இருக்கும்னு நம்பி வந்தவங்க ஏமாந்துதான் போனாங்க.

1831 ஆகஸ்ட் 29. ஒரு இரும்பு வளையம், அதோட ரெண்டு பக்கமும் தனித்தனியா கம்பிச் சுருள். ஒரு சுருளை பேட்டரியில இணைச்சா, இன்னொரு சுருளோட சேர்ந்த கால்வனோமீட்டர் முள் ஒரு துள்ளு துள்ளிட்டு நின்னுடுது. இணைப்பை எடுத்தா எதிர்ப்பக்கம் ஒரு துள்ளல். மின்சாரம் சீரா ஓடும்போது ஒண்ணுமே இல்ல. மாற்றம் இருந்தாதான் தூண்டல்னு அந்த முள்தான் அவருக்குக் காட்டுச்சு. அக்டோபர் 17-ல் சுருளுக்குள்ள காந்தத்தை நுழைச்சே மின்சாரம் எடுத்தார். அதே மாச முடிவுல பெரிய காந்தத்தின் துருவங்களுக்கு நடுவுல செப்புத் தட்டைச் சுத்தவிட்டு தொடர்ந்து வர்ற மின்னோட்டம். டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர் ரெண்டுக்கும் விதை பத்து வாரத்துல போட்டாச்சு.

இதுக்கு அப்புறம் அவர் செஞ்ச காரியம்தான் எனக்கு இந்தக் கட்டுரையை எழுத வச்சது. அந்தச் சமயத்துல கம்பெனிகளுக்கும் கோர்ட்டுகளுக்கும் வேதியியல் ஆய்வு பண்ணிக் கொடுத்தே அவருக்கு வருஷத்துக்கு 1000 பவுண்டுக்கு மேல வந்ததுன்னு, அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த ஜான் டிண்டால் எழுதியிருக்கார். ராயல் இன்ஸ்டிட்யூஷன் கொடுத்த சம்பளம் 100 பவுண்டு, கூட வீடு, கரி, மெழுகுவர்த்தி. தூண்டலைக் கண்டுபிடிச்ச கையோட, ஃபாரடே அந்த வெளி வேலைகளை வெட்ட ஆரம்பிச்சார். சில வருஷத்துல அந்த வருமானம் ஏறக்குறைய பூஜ்யம். ரெண்டையும் செய்ய நேரம் பத்தாது, ஒண்ணை விடணும்னு வந்தப்போ அவர் விட்டது 1000 பவுண்டை. கையில வந்த ஆஃபரை மறுக்கிறது எவ்வளவு கஷ்டம்னு நமக்குத் தெரியும். ஆனா பொருளைச் சேர்த்து வைக்கிறதே தப்புன்னு நம்புற மனுஷனுக்கு அந்தக் கணக்கு வேற மாதிரி வந்திருக்கும்.

பணமே ஆகாதுன்னு இருந்த சாமியார் இல்ல அவர். 1836-ல் இருந்து கலங்கரை விளக்கங்களைப் பார்த்துக்கும் டிரினிட்டி ஹவுஸுக்கு ஆலோசகரா இருந்தார், வருஷத்துக்கு 200 பவுண்டு வாங்கினார், ஏறக்குறைய 30 வருஷம் வேலை பார்த்தார். எண்ணெய் விளக்கு எரியும்போது வர்ற நீராவி கண்ணாடியில படிஞ்சு வெளிச்சத்தை மறைக்கும். அதை வெளியேத்த ஒரு புகைக்குழாய் வடிவமைச்சார். அதுக்கான காப்புரிமையைத் தன் அண்ணன் ராபர்ட்டுக்குக் கொடுத்துட்டார். 1858-ல் சவுத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கத்துல மின்விளக்கு எரிஞ்சு கடல்ல வெளிச்சம் விழுந்தப்போ, அதுக்கு மின்சாரம் கொடுத்த மெஷின் அவர் 1831-ல் கண்ட அதே தூண்டல்ல ஓடினது. அதை மேற்பார்வை பார்த்ததும் அவரே.

பணிவுன்னா குனிஞ்சு போறதுன்னும் அவர் எடுத்துக்கல. 1835-ல் அரசு பென்ஷன் பத்திப் பேச பிரதமர் மெல்பர்ன் கூப்பிட்டார். விஞ்ஞானிகளுக்குப் பென்ஷன் கொடுக்கிறதையே அவர் கேலியா பேச, ஃபாரடே அன்னைக்கே வேண்டாம்னு எழுதி அனுப்பிட்டார். மெல்பர்ன் வருத்தம் தெரிவிச்ச பிறகுதான் வருஷத்துக்கு 300 பவுண்டை ஏத்துக்கிட்டார்.

அந்தச் சபை அவருக்கு எப்பவும் இதமா இருந்ததுன்னும் சொல்ல முடியாது. 1840-ல் மூப்பரானவரை 1844 மார்ச்ல சபையை விட்டே விலக்கி வச்சாங்க. ஞாயிற்றுக்கிழமை ராணி விக்டோரியாவோட விருந்துக்குப் போனதாலதான்னு இணையத்துல ஒரு கதை சுத்துது. அதை நம்பாதீங்க. சபை ஒழுங்கு பத்தி உள்ளுக்குள்ள நடந்த ஒரு பெரிய தகராறு அது, அவரோட சேர்த்து இன்னும் பலரை விலக்கினாங்க. ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கின 52 வயசு மனுஷன். நீங்களும் வேண்டாம், உங்க சபையும் வேண்டாம்னு போயிருக்கலாம். போகல. மே மாசம் திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க. மூப்பர் பதவி மட்டும் திரும்பக் கிடைக்க 1860 வரைக்கும் ஆச்சு. நடுவுல 16 வருஷமும் சாதாரண உறுப்பினரா பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். பெரிய பெரிய பட்டங்களை அவர் மறுத்ததை விட இது எனக்குப் பெரிசா தெரியுது.

அவர் நம்பிக்கை லேப்புக்குள்ள எங்க வேலை செஞ்சதுன்னு பார்த்தா, பதில்ல இல்ல, கேள்வியில. எல்லாத்தையும் படைச்சவர் ஒருத்தரே என்பதால், மின்சாரம், காந்தம், ஒளி, ஈர்ப்பு எல்லாம் அடியில ஒரே சக்தியின் வேற வேற முகங்களா இருக்கணும்னு அவர் எதிர்பார்த்தார். 1845 செப்டம்பரில் கனமான கண்ணாடித் துண்டு வழியா ஒளியை அனுப்பி, காந்தத்தால அதோட முனைவாக்கத் தளத்தைத் திருப்பிக் காட்டினார். ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டுன்னு அப்பதான் தெரிஞ்சது. அந்தத் துணிச்சல்ல 1849-ல் ஈர்ப்புக்குத் தாவினார். கம்பிச் சுருளை உயரத்துல இருந்து விழவிட்டு, மின்சாரம் வருதான்னு பார்த்தார். வரல. திரும்பத் திரும்பப் பார்த்தார், வரல. உறவு இருக்குன்னு இன்னும் நம்பறேன், ஆனா இந்தச் சோதனை அதைக் காட்டலைன்னு நேர்மையா பதிவு பண்ணினார். பத்து வருஷம் கழிச்சு திரும்ப முயற்சி பண்ணி, திரும்பவும் தோத்தார். நம்புறது ஒண்ணு, மீட்டர் காட்டுறது ஒண்ணுன்னா, நோட்டில் மீட்டர் காட்டினதைத்தான் எழுதினார். ரீடிங்கை பக்கத்து பேட்ச்ல இருந்து காப்பி அடிக்கிற நாம இங்க கொஞ்சம் தலைகுனிஞ்சுக்கலாம்!

ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி ரெண்டு முறை தேடி வந்தது, ரெண்டு முறையும் வேண்டாம்னார். சர் பட்டமும் வேண்டாம், கடைசி வரை வெறும் மிஸ்டர் ஃபாரடே. அதுக்குள்ள ஞாபக மறதி அவரை அரிக்க ஆரம்பிச்சிருந்தது. 1839-க்கு அப்புறம் சில வருஷம் உடைஞ்சு போய் ஓய்வெடுத்தவர், எழுந்து வந்து 1845-ன் வேலையைச் செஞ்சார். ஆனா மறதி முழுசா விடல. லேப்ல செஞ்சதை எல்லாம் எண் போட்டு எழுதுறது அவர் வழக்கம். லேப் டைரியில் அந்த எண் 16,000-ஐத் தாண்டியிருக்கு.

1862 மார்ச் 12-ல் கடைசிச் சோதனை. சுடரின் நிறமாலைக் கோடுகளைக் காந்தம் மாத்துமான்னு பார்த்தார். அவர்கிட்ட இருந்த கருவிக்கு ஒண்ணும் தெரியல, இல்லைன்னு எழுதி வச்சார். 1896-ல் ஜீமன் என்ற டச்சுக்காரர், ஃபாரடேவே இதை முயற்சி பண்ணியிருக்கார்னா திரும்பப் பார்க்கலாம்னு நல்ல கருவியோட பார்த்தார். கோடுகள் அகலமானது. 1902-ல் அதுக்கு நோபல் பரிசு.

ஃபாரடேவும் சாராவும் கடைசி வருஷங்கள்ல ராணி கொடுத்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில் இருந்தாங்க. குழந்தைகள் இல்ல, அண்ணன் தங்கச்சி வழிப் பெண்கள்தான் பார்த்துக்கிட்டாங்க. 1867 ஆகஸ்ட் 25, நாற்காலியில உட்கார்ந்த நிலையிலேயே உயிர் பிரிஞ்சது. நியூட்டனைப் புதைச்ச வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கும் இடம் கிடைச்சிருக்கும். அவர் கேட்டது சொந்தக்காரங்க மட்டும் வர்ற எளிமையான அடக்கம், சாதாரணக் கல்லு. லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்துல, அரசு சபையைச் சேராதவங்களுக்கான பகுதியில, இன்னைக்கும் அந்தக் கல்லைப் பார்க்கலாம். அதுல அவர் பெயரும், பிறந்த தேதியும், இறந்த தேதியும் இருக்கு.