டோரத்தி அம்மையாரும் இன்சுலின் படிகமும்

இன்சுலின் என்றதும் 1921-இல் அதைப் பிரித்தெடுத்த பேன்டிங், பெஸ்ட் ஆகியோரின் பெயர்கள் நினைவுக்கு வரும். அதன் உருவத்தை முதன்முதலில் கண்டவர் டோரத்தி ஹாட்ஜ்கின் அம்மையார். நோபல் பரிசு பெற்று உலகறிந்தவர். எனினும் நான் அவரைத் தேடிச் சென்றதற்குக் காரணம் என் தம்பி.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் தம்பிக்கு நீரிழிவு வந்தது. வயது பதினொன்று. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ஈரமணலில் புதைத்த சிறு மண்பானையில்தான் அவனுடைய இன்சுலின் குப்பி இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த இரத்தப் பரிசோதனைகளுள் ஒன்றின் பெயர் சி-பெப்டைடு. முடிவுத்தாளில் அதற்கு நேரே மிகச் சிறிய எண் ஒன்று இருந்தது. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. எனக்கும் அது விளங்கவில்லை. திருவிழாவில் ஜிலேபி வாங்கிக் கொடுத்ததால் வந்த வினை என்றார் பாட்டி. அம்மா அதை நம்பித் தனியே அழுதார். பொருள் தேடி நம் நூலகத்தில் புரட்டியபோதுதான் டோரத்தியின் வரலாறு கிடைத்தது.

அவர் 1910-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் கெய்ரோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். இங்கிலாந்தில் அவர் படித்த பள்ளியில் வேதியியல் ஆண்பிள்ளைகளின் பாடம். அவருக்கும் இன்னொரு மாணவிக்கும் மட்டும் அவ்வகுப்பில் இடம் கிடைத்தது. ஆக்ஸ்போர்டில் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜில் பெர்னாலிடம் ஆய்வு பயின்று, 1934-இல் மீண்டும் ஆக்ஸ்போர்டு வந்தார். அவ்வாண்டே முடக்குவாதம் கண்டது. வயது இருபத்து நான்குதான்! விரல்கள் நாளடைவில் கோணின. எக்ஸ் கதிர்க் கருவியின் விசையை அழுத்த முடியாமற்போனபோது நீண்ட நெம்புகோல் ஒன்றைப் பொருத்திக் கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அதே 1934-இல் பேராசிரியர் ராபின்சன் அவரிடம் சிறிதளவு இன்சுலின் படிகம் கொடுத்திருந்தார். படிகத்தில் எக்ஸ் கதிர் பட்டுச் சிதறினால் படச்சுருளில் புள்ளிகள் விழும். அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் அளந்து, கணக்கிட்டு, அணுக்களின் இருப்பிடத்தை அறிய வேண்டும். நிழலைப் பார்த்துத் தேரின் வடிவத்தைச் சொல்வது போன்ற வேலை. முதல் படத்தில் புள்ளிகள் ஒழுங்காகத் தெரிந்த இரவில் மகிழ்ச்சி தாங்காமல் ஆக்ஸ்போர்டு தெருக்களில் தனியே நடந்து திரிந்தாராம். ஆனால் அணுக்கள் தெரிய 1969 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் அமைப்பைக் கண்டார். மூன்று குழந்தைகளை வளர்த்தார். 1964-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைத் தனியொருவராகப் பெற்றார். இன்சுலினை மட்டும் விடவில்லை. இறுதியில் அதை முடித்த குழுவில் கேரளத்தைச் சேர்ந்த விஜயனும் ஒருவர்.

இன்சுலினில் 21, 30 அமினோ அமிலங்கள் கொண்ட இரு சங்கிலிகள் உண்டு என்பதை 1955-க்குள் சாங்கர் காட்டியிருந்தார். இரண்டும் தனித்தனியே உருவாகிப் பின் சேர்வதாகப் பலர் எண்ணினர். 1967-இல் ஸ்டெய்னர் அதை மாற்றினார். கணையத்தின் பீட்டா செல் முதலில் 110 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலியைத்தான் செய்கிறது என்பதை இன்று அறிவோம். முகப்பிலுள்ள 24, வழிகாட்டும் துண்டு. அது உடனே வெட்டப்படும். எஞ்சிய 86 தான் புரோஇன்சுலின். அது மடிந்து, மூன்று கந்தகப் பிணைப்புகளால் இறுகியபின், நொதிகள் நடுப்பகுதியை வெட்டி எடுக்கின்றன. அதில் 31 கொண்ட துண்டே சி-பெப்டைடு. இணைப்பில் நின்ற நான்கும் கழிந்தால் 51. கழித்துப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்.

பிறகு எறியப்போகும் துண்டை ஏன் செய்ய வேண்டும்? என் அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். கான்கிரீட் இறுகும்வரை பலகையும் முட்டுக்கால்களும் தாங்கும், இறுகியதும் பிரித்துவிடுவார்கள். நடுத்துண்டும் அப்படித்தான், அது இல்லையேல் இரு சங்கிலிகளும் சரியாகப் பொருந்துவது அரிது.

பின்னர் ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றிக் கூடுகின்றன. செல்லுக்குள் நுண்பைகளில் படிகமாகவே சேமிக்கப்படுகின்றன. டோரத்தி தம் படிகத்தில் கண்டதும் இந்த ஆறின் கூட்டத்தைத்தான். இதைப் படித்த அன்று நான் நூலகம் மூடும்வரை எழுந்திருக்கவில்லை.

இன்சுலினோடு சி-பெப்டைடும் சம எண்ணிக்கையில் இரத்தத்தில் கலக்கிறது. குப்பியில் வரும் மருந்தில் அது இல்லை. ஆகவே அதை அளந்தால் உடல் தானாகச் செய்யும் இன்சுலின் எவ்வளவென்று தெரியும். தம்பியின் பீட்டா செல்களை அவனுடைய உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிட்டது. அந்தச் சிறிய எண் சொன்னது அதைத்தான். ஜிலேபிக்கு அதில் பங்கில்லை.

இதை அம்மாவிடம் சொன்னேன். சென்ட்ரிங் உவமையை அப்பாவே எடுத்து விளக்கினார். டோரத்தி 1994-இல் மறைந்தார். அவருடைய கைகளை மட்டும் ஹென்றி மூர் ஓவியமாக வரைந்திருக்கிறார். அதன் படத்தைக் காட்டியபோது, அந்தக் கோணிய விரல்களை அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு, ஊசி போடும் வேளையாயிற்று என்று எழுந்து பானையருகே போனார்.